குச்சியில்லாத கூண்டு

அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் குஞ்சுகள் சாவது நின்றது. இதை யாரும் மறுத்ததில்லை. பிற்பாடு அவர்மேல் வருத்தப்பட்டவர்கள்கூட இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்கள்.

மலையடிவாரத்தில் ஒரு பறவை வளர்ப்பு நிலையம். மேலே காட்டில் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாக இருந்து, நோய்க்கும் பூனைகளுக்கும் பலியாகி அற்றுப்போன ஒருவகைக் காகத்தை அங்கே வளர்த்தார்கள். ஊர்க் காக்கையைவிடக் கொஞ்சம் பருமன். உடம்பு முழுக்க மைக்கறுப்பு. அலகு தடித்து, வளைவில்லாமல் நேராக இருக்கும். காட்டில் கடைசியாகப் பிடித்த நாலைந்து பறவைகளும், அவை இட்ட முட்டைகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பொரித்த குஞ்சுகளும்தான் மிச்சம். வளர்த்து, என்றாவது மறுபடி மலையில் விடவேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் பன்னிரண்டு கூண்டுகளும், ஒரு சமையலறையும், ஒரு மருத்துவரும், ஏழெட்டு ஊழியர்களும்.

அவர் வருவதற்கு முந்தைய வருஷம் பொரித்த ஒன்பது குஞ்சுகளில் ஆறு போய்விட்டன. மருத்துவர் அறுத்துப் பார்த்தார். பழைய ரொட்டியில் படர்வதுபோல் நுரையீரலில் பச்சையாகப் பூஞ்சை. மரப்பட்டையிலும் ஈர இலையிலும் குடியிருந்து காற்றில் கிளம்பி வருவது. "மருந்து அனுப்பியது போதும், ஒழுங்காகத் தரை கழுவும் ஒரு ஆளை அனுப்புங்கள்" என்று அந்த அம்மாள் மேலிடத்துக்கு எழுதினார். வந்தவர் இவர்.

பத்தொன்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவின் தரையைத் துடைத்தவர். தோல் போன உடம்புகள் படுத்திருக்கும் இடம். அங்கே டாக்டர்கள் வருவார்கள், போவார்கள், தரை அவருடையது. ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போனபோது அவரையும் போகச் சொல்லிவிட்டார்கள்.

நிலையத்தில் விடிந்ததும் வந்து நிற்பார். முதலில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவார். பிறகு தண்ணீர். பிறகு பிளீச்சிங் கரைசல், பத்து நிமிஷம் ஊறல், மறுபடி தண்ணீர், கடைசியில் காய்ந்த துணி. பறவைகள் உட்கார்ந்த மரக்கொம்புகளைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாயில் ரப்பர் சுற்றி மாட்டினார். கூரைமேல் சாய்ந்திருந்த மரம் சுள்ளி உதிர்க்கிறது என்று மெல்லிய வலை கட்டினார். அதையும் மீறி ஒரு இலைக்காம்பு உள்ளே விழுந்தால், சோற்றில் கிடந்த முடியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் ஒரு குஞ்சுதான் செத்தது. அடுத்த வருஷம் ஒன்றுகூட இல்லை. மருத்துவர் எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சுத்தக்காரர் என்றே ஆகிவிட்டது.

வீடு ஒரு டயர்க் கடைக்கு மேலே, இரண்டு அறை. ரப்பர் தூசி ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும், அவர் துடைத்துக்கொண்டே இருப்பார். "ஒரு நாள் நான் அசந்து படுத்தா என்னையும் சேத்துக் கூட்டி மாடிப்படியில தள்ளிடுவாரு" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் இல்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் குஞ்சுகள் பேச்சுதான். "காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. உங்களுக்குக் காக்கையோட குஞ்சே பொன்குஞ்சு" என்பாள். சொல்லிவிட்டு, கேட்கவும் செய்வாள்.

இறகு முளைத்த குஞ்சுகளிடம் அவருக்குப் பிடிபடாத பழக்கம் ஒன்று இருந்தது. மெல்லியதாக, நீளமாக எது அகப்பட்டாலும் விடாது. துடைப்புத் துணியின் நூல், உதிர்ந்த இறகு, அவர் பூட்ஸின் கயிறு. கவ்விக்கொண்டு போய்க் கம்பிவலையின் கண்ணில் நுழைக்கும், வடிகால் துளையில் நுழைக்கும், அவர் பூட்ஸுக்கும் காலுக்கும் நடுவில் நுழைக்கும். நுழைத்து ஆட்டும். பிறகு எடுத்துத் தலையைச் சாய்த்துப் பார்க்கும். கீழே கிடப்பதை வாயில் வைத்தால் அவருக்குப் பொறுக்காது. "சீ, போடு" என்று கையை நீட்டுவார். போடாது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓடும்.

அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். நூலைக் கீழே போட்டால் ஒரு துணுக்கு மஞ்சள். இறகைப் போட்டால் ஒரு துணுக்கு. பத்து நாளில் எல்லாமே கற்றுக்கொண்டுவிட்டன. கூண்டுக்குள் அவர் காலடி பட்டதும், ஒளித்து வைத்திருந்ததைக் கவ்விக்கொண்டு வந்து பூட்ஸ் முன்னால் போட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் சிலேட்டைக் காட்டுவதுபோல. பார்க்க வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். அவர் ஆயுசில் வாங்கிய கைதட்டல் அது ஒன்றுதான். அன்று சாயங்காலம் வீட்டில் மனைவிக்கு நடித்துக் காட்டினார்: இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு.

அதில் கைதட்டாதவர் ஒருவர் உண்டு. பறவைகளுக்குச் சமைக்கிற அம்மா. பழம் நறுக்க, முட்டை வேகவைக்க, இறைச்சி கொத்த என்று காலையிலிருந்து கத்தியும் கையுமாக நிற்பவர். எந்தப் பறவை எதைத் தின்னும், எதை ஒதுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மஞ்சள் கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைக் கூண்டுக்கு வெளியே எறியும் ஒன்றுக்கு 'மைனர்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவருக்கும் சுத்தக்காரருக்கும் ஏழாம் பொருத்தம். வாழைப்பழத் தோல் தொட்டிக்கு அரையடி தள்ளி விழுந்தால் போதும்.

"ஏம்மா, தொட்டி கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுண்ணே. தோலுக்குத்தான் தெரியல."

கடைசிக் கூண்டில் ஒரு கிழட்டுப் பெட்டை தனியாக இருந்தது. காட்டில் பிடித்தவற்றில் அதற்குள் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஒரு கால் ஊனம். யார் போனாலும் தலையைச் சாய்த்து மேலும் கீழும் பார்க்கும், எதிலும் திருப்தி இல்லாததுபோல. மாமியார் என்று பெயர். மற்றவற்றோடு சேர்த்து விட்டால் கொத்திவிடுமென்று குஞ்சுகள் கண்ணில் படாமலே வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் சமையல்காரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அண்ணே, மாமியார் பண்ண வேலைய நீங்க பாக்கணும்ணே! உங்க விளக்குமாத்துலேருந்து ஒரு ஈர்க்கை உருவிட்டா. நுனிய ஒடிச்சுப் போட்டா. அப்புறம் அதை வடிகால் இடுக்குக்குள்ள விட்டுக் குடைஞ்சு, உள்ள இருந்த கரப்பானை வெளிய இழுத்துத் தின்னுட்டா. நாம பல்லு குத்தற மாதிரி அவ்வளவு நிதானம்!"

"கரப்பானா?" என்றார் சுத்தக்காரர். "வடிகால்லயா?"

வெந்நீரை எடுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானத்துக்குள் அந்த இடுக்கைச் சிமெண்டு வைத்து அடைத்தார். ஈர்க்கு உதிர்கிறது என்று தென்னை விளக்குமாறுகளை எல்லாம் கட்டி வெளியே போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பிரஷ் வாங்கவைத்தார்.

சமையல்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "நல்லா இருக்குண்ணே. பொண்ணு அழகா இருக்கான்னு சொன்னா, அவ செருப்புல சேறு இருக்குன்னு கழுவப் போறீங்க."

அதோடு அந்த அம்மா விடவில்லை. சில நாள் கழித்து, குஞ்சுகள் கூண்டில் விரல் நீளக் குச்சிகள் கிடந்தன. ஒரே அளவாக ஒடித்த சுள்ளிகள். மறுநாளும். மைனர் ஒன்றைக் கவ்விக்கொண்டு வலையைக் குத்திக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தது. மஞ்சள் கொடுத்தார். மூன்றாம் நாள் கையும் களவுமாகப் பிடித்தார். வலைக்கண் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார் அந்த அம்மா.

"ஆறு குஞ்சு எதனால செத்துச்சுன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்ணே. அதான் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டு வரேன். தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. ஈரம் ஆவியாகிக்கொண்டிருந்தது.

"அந்தக் கிழவிக்குக் குச்சி புடிக்கத் தெரியுது. இதுங்களுக்கும் ஆசையா இருக்கு. விளையாடிட்டுப் போகட்டும்ணே. நீங்க வேற, போடு போடுன்னு பிச்சைக்காரங்களாக்கி வெச்சிருக்கீங்க."

கடைசி வார்த்தைதான் அவரைச் சுட்டது. கைதட்டல் வாங்கிய வித்தை அது. நேரே ஆபீசுக்குப் போய் ஒரு தாள் வாங்கி எழுதினார். கூண்டுக்குள் குச்சி போட்டதை எழுதினார். அது மட்டும் போதாதோ என்று தோன்றியது. 'பூஞ்சை படிந்த குச்சி' என்று எழுதினார்.

படித்ததும் மருத்துவரின் முகம் வெளுத்துவிட்டது. ஆறு குஞ்சுகளையும் அறுத்தது அவர் கைதான். சமையல்காரம்மா எவ்வளவோ சொன்னார். கொதிக்கவைத்ததைச் சொன்னார், மாமியாரைச் சொன்னார். பூஞ்சை என்ற சொல்லுக்குப் பிறகு மருத்துவர் காதில் எதுவும் ஏறவில்லை. பறவைகள் பக்கமே போகக்கூடாது, சாமான் கிடங்கில் வேலை என்றார். கிடங்கு எனக்கெதற்கு என்று அந்த வாரமே அந்த அம்மா நின்றுகொண்டார். போகிறபோது கூண்டுகளின் வரிசையில் ஒரு நடை நடந்துவிட்டுப் போனார். சுத்தக்காரர் குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்று ஏதாவது கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அந்த அம்மா நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மாமியார் செத்தது. வயசு.

இரண்டு வருஷம் கழித்துப் பதினோரு பறவைகளை மலையில் விட முடிவாயிற்று. எல்லாம் அவர் கையில் வளர்ந்தவை. இறகு பளபளக்க, நெஞ்சு புடைக்க இருந்தன. முதல் சில வாரம் தட்டில் தீனி வைத்து, மெல்ல மெல்லக் குறைத்து, தானாகத் தேடப் பழக்கவேண்டும். அவற்றுக்குத் தெரிந்த முகம் அவருடையதுதான் என்று அவரையே அனுப்பினார்கள். கூடவே பறவைகளைப் பற்றிப் படித்த ஒரு இளம் ஆய்வாளர். எப்போதும் மழைக்கோட்டும் நோட்டுமாகத் திரியும் பெண். மலையில் தகரக் கூரை போட்ட ஒரு குடிசை. கொட்டுகிற பனி. மனைவி பின்னிக்கொடுத்த கம்பளித் தொப்பியைத் தலையில் இறக்கிக்கொண்டு அவர் கூண்டின் கதவைத் திறந்தார். பதினொன்றும் ஒவ்வொன்றாக வெளியே போயின. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி இருந்தது கூண்டு.

பழம் இருந்தவரை கவலையில்லை. பழம் தீர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி என்று குறைத்தார்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. பறவைகள் காட்டுக்குள் போகும். பட்டுப்போன மரங்களில் உட்காரும். மரத்தில் காதை வைத்துக் கேட்பதுபோல் தலையைச் சாய்க்கும். கொத்தும். பட்டை தெறிக்கும். அப்புறம் வெறும் அலகோடு குடிசைக்குத் திரும்பி வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆய்வாளர் ஒரு கட்டையைக் கோடரியால் பிளந்து காட்டினார். உள்ளே துளைகள். துளையின் கடைசியில் விரல் தடிமனுக்கு ஒரு வெள்ளைப் புழு, கொழுகொழுவென்று.

"இதுக்குத்தாண்ணே இதுங்க குச்சி எடுக்கறது. வேற காடுகள்ல மரங்கொத்தி இருக்கும். கொத்தி ஓட்டை போட்டு, நாக்கை விட்டு இந்தப் புழுவை எல்லாம் தின்னு தீத்துடும். இந்த மலையில மரங்கொத்தியே கிடையாது. புழு சும்மா உள்ளயே கொழுத்துக் கிடக்கு, கேக்க ஆளில்லாம. ஆனா ஆழத்துல கிடக்கு. இதுங்க அலகு எட்டாது."

"அதனால?"

"எட்டாத உயரத்துல டப்பா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? கம்பை எடுப்பீங்கல்ல? அதேதான். நாலு பழம் பொறுக்கறத விட இந்த ஒரு புழு பெருசு. பழமில்லாத மாசத்துல இதான் சோறு. அதனால எந்த ஜாதி குச்சி எடுத்துச்சோ அது பொழச்சுது."

"யார் சொல்லிக் குடுப்பா?"

"யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்னுதான் நினைக்கிறோம். பொறவியிலேயே ஒரு அரிப்பு இருக்கும். குஞ்சுல எதைப் பாத்தாலும் எடுக்கும், எங்க பாத்தாலும் நுழைக்கும். கிறுக்குத்தனமா இருக்கும். அப்படியே ஒரு வருஷம் தப்புத்தப்பா பண்ணிப் பண்ணிக் கை படியும்." நோட்டைப் புரட்டினார். "கூண்டுல குச்சி எடுத்து விளையாடுமாண்ணே?"

"கூண்டுல குச்சி ஏதும்மா" என்றார்.

"பரவால்ல. உள்ளுக்குள்ள இருக்கும். பசி வந்தா தானா வெளிய வரும்" என்று எழுதிக்கொண்டார். "இன்னும் ஒரு பத்து நாள் பொறுப்போம். அவசரப்பட்டுத் தீனி வெச்சா கெட்டுப்போயிடும்."

மறுநாள் காலை ஆய்வாளர் ஒரு கட்டையின் எதிரில் உட்கார்ந்திருந்தார். சுத்தக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மைனர் வந்தது. கட்டையில் தாவி, துளை ஒன்றில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தது. கொத்தியது. சுற்றுமுற்றும் பார்த்தது. கீழே இறங்கி ஒரு சுள்ளியை எடுத்தது.

ஆய்வாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையைத் தொட்டார். "பாத்தீங்களா? பாத்தீங்களா?"

மைனர் சுள்ளியோடு கட்டைக்குப் போகவில்லை. தத்தித் தத்தி அவரிடம் வந்தது. பூட்ஸுக்கு முன்னால் சுள்ளியைப் போட்டது. வாயைத் திறந்தது.

"இது என்னண்ணே பண்ணுது?"

பையில் மஞ்சள் இல்லை. தீனி கூடாது என்ற நாள் அது. பறவையின் வாய்க்குள் சிவப்பாகத் தெரிந்தது. அதை மூடாமல் நின்றுகொண்டிருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் மஞ்சள் கருவைச் சொன்னால் குச்சியைச் சொல்லவேண்டும். குச்சியைச் சொன்னால் அந்தத் தாளில் எழுதியதைச் சொல்லவேண்டும். ஒரு நூலை இழுத்தால் சட்டையே பிரிந்துவிடும் என்று பயந்தார். பசி வந்தால் தானாக வரும் என்று படித்த பெண்ணே சொல்கிறாளே, வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். ஆய்வாளர் நோட்டில் எழுதினார்: காரணம் தெரியவில்லை.

அடுத்தடுத்த நாள்களில் மற்றவையும் வந்தன. ஆளுக்கு ஒரு குச்சி. குடிசையின் வாசலில் சுள்ளி சேர்ந்துகொண்டே வந்தது. ஆய்வாளர் எண்ணி எண்ணி எழுதினார். விளையாட்டு என்று ஒருநாள் எழுதினார், கூடு கட்டும் ஆசை என்று ஒருநாள். அவர் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினார்.

ஆறாம் நாள் முதல் பறவை செத்துக் கிடந்தது. பட்டுப்போன ஒரு பெரிய மரத்தின் அடியில். அதைத் தூக்கியவர் அவர்தான். கையில் கனமே இல்லை. மார்பெலும்பு கத்தி விளிம்புபோல் துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்து மரத்துக்குள் புழு அரிக்கிற சத்தம் கிர்ரு கிர்ரு என்று அவருக்கே கேட்டது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சூரியன் மறையும் மட்டும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் மைனர்.

ஆய்வாளர் அழுதுகொண்டே கீழே போன் செய்தார். எல்லாவற்றையும் திரும்பப் பிடித்துவிடும்படி மருத்துவர் சொன்னார். பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் கூண்டின் கதவைத் திறந்து தட்டைத் தட்டியதும் ஏழும் தானாக உள்ளே வந்தன.

வீட்டில் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னலைத் துடைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் மனைவி பயந்தாள்.

"என்னன்னு சொல்லித் தொலைங்களேன்."

சொன்னார். மஞ்சள் கருவிலிருந்து மைனர்வரை, சூடாக இருந்த குச்சியையும் சேர்த்து. தட்டில் கையை வைத்தபடியே சொன்னார். முடிந்ததும் மனைவி தண்ணீர் எடுத்து வைத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் உங்களை நல்லவர்னுதான் சொல்லுவேன். கேக்க வேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

"இனிமே சொல்லி என்ன ஆகப்போவுது? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு."

"போனது உங்க தலைக்கு மேல. அங்க இன்னும் முட்டை பொரிச்சுக்கிட்டுத்தான இருக்கு?"

மறுநாள் மருத்துவரின் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தார். அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் மருத்துவர் ஒரு நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"முதல்லேருந்து சொல்லுங்க. எந்த மாசம் ஆரம்பிச்சீங்க?"

சொன்னார்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு மஞ்சள் குடுப்பீங்க? கடுகளவா, பட்டாணி அளவா?"

"பட்டாணி அளவும்மா."

எழுதினார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தெந்தப் பறவை அதிகம் வரும், எல்லாவற்றையும் எழுதினார். மலையில் மைனர் குச்சியைக் கொண்டுவந்து போட்ட தேதியைக் கேட்டார். அதையும் எழுதிவிட்டு, கடைசிப் பறவை செத்த தேதியைப் பக்கத்தில் எழுதி, இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே இறக்கியிருப்போம்" என்றார். நோட்டின் பக்கத்தைப் புரட்டினார்.

"பூஞ்சைன்னு நீங்க எழுதினீங்க. குச்சியை நானும் வாங்கிப் பாக்கலை" என்றார். "புதுக் குஞ்சுங்களுக்கு இனிமே வேகவெச்ச குச்சி போடுவோம். அந்தக் கூண்டுகளுக்குள்ள நீங்க போக வேண்டாம். வெளித்தரையை மட்டும் பாத்துக்குங்க. திரும்பி வந்த ஏழும் உங்க பொறுப்பு."

"அதுங்களுக்கும் குச்சி போடலாமாம்மா?"

"நேத்தே போட்டுப் பாத்தோம்ணா. வலைகிட்ட கொண்டுவந்து போட்டுட்டு வாயத் திறக்குது." நோட்டை மூடினார். "அந்தச் சமையல்காரம்மா எங்க இருக்காங்கன்னு தெரியுமா? தெரிஞ்சா திரும்ப வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

ஒரு நூல் ஆலையின் கேன்டீனில் இருந்தார் அந்த அம்மா. பஸ் ஏறிப் போய் இறங்கி, காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். நீளமான அறை. ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்கு வெங்காயம். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"தள்ளி உக்காருங்கண்ணே. கண்ணு எரியும். அப்புறம் அழுதீங்கன்னு நாலு பேரு சொல்லுவாங்க."

உட்கார்ந்தார். இரண்டு விஷயம் சொல்ல வந்திருந்தார். சுலபமானதை முதலில் சொன்னார்: மருத்துவர் திரும்பக் கூப்பிடுகிறார், குச்சி சுத்தமாக இருந்ததென்று நானே சொல்லிவிட்டேன்.

"ஓ" என்றார் அந்த அம்மா. கத்தி நிற்கவில்லை. "இங்க முந்நூறு பேருக்கு சமைக்கறேன். யாரும் வெள்ளைக்கருவை எறியறதில்ல. வரலைன்னு சொல்லிடுங்க." பிறகு, "மலையில விட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படி இருக்குதுங்க?"

"நாலு போயிடுச்சும்மா."

"எதெது?"

அடையாளம் சொன்னார். பழத்தைத் தண்ணீரில் நனைத்துத் தின்பது. வாலில் ஒரு இறகு கோணலாக இருப்பது. இறைச்சியை ஒளித்துவைத்துவிட்டு மறந்துபோவது. நாலாவதை அவர் சொல்லவில்லை. அந்த அம்மாவே கேட்டார்.

"மைனரா?"

தலையாட்டினார்.

கத்தி நின்றது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது வெங்காயமாகவும் இருக்கலாம்.

"மீதி ஏழு?"

"கூண்டுலதான். இனிமே விட மாட்டாங்க."

"எத்தனை வருஷம் இருக்கும் அதுங்க?"

"நல்லாப் பாத்துக்கிட்டா இருபது, இருபத்தஞ்சு வருஷம்னு சொல்றாங்க."

"உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"மூணு."

அந்த அம்மா வெங்காயத்தை ஒதுக்கித் தட்டில் அள்ளினார். "அப்புறம் யாருகிட்ட கொண்டுவந்து போடும் அதுங்க?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்ல அதுதான் நேரம் என்று வாயைத் திறந்தார். ஆலையின் சங்கு ஊதிற்று. கதவுகள் திறந்தன, பஞ்சு ஒட்டிய தலைகளோடு ஆட்கள் தட்டும் கையுமாக வரிசை கட்டினார்கள்.

"அண்ணே, வழிய விடுங்க. பசியோட வராங்க."

ஒதுங்கிக்கொண்டார். கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த அம்மா கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டும், யாரையோ கிண்டல் செய்துகொண்டும் இருந்தார். கடைசி ஆள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவுகிறவரை அவர் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த வேறொரு பெண், அவங்க பின்பக்கமாப் போயாச்சே என்றாள்.

மூன்று மணிக்கு ஏழுக்கும் தீனி வைக்கவேண்டும். அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.